சரோஜா அக்கா அமுக்கினால் மட்டும் வராத ஸ்லிப்

டீசல் வாசமும் பால் விடாத கோப்பி-ஓ வாசமும் கலந்து அடிக்கும் ஒரு கவுண்டர்…

பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு சின்ன கம்பெனி. என் முதல் வேலை அங்கேதான். ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் காலையில் ஃபெரி ஏறிப் போவேன். எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோருமே கிளார்க். கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

கவுண்டரில் சரோஜா அக்கா. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. டிரைவர் வந்து கண்டெய்னர் நம்பரைச் சொன்னால், போர்ட் கேட்டில் காட்டுவதற்கு ஒரு ஸ்லிப் எழுதிக் கொடுப்பார். அந்த வேலையைத்தான் நான் ஒரு வெப் பேஜாக மாற்றினேன். நம்பரைத் தட்டி பட்டனை அமுக்கினால் ஸ்கிரிப்ட் ஓடும். அது சர்வரில் ஒரு கமாண்டைக் கூப்பிட்டு, ஸ்லிப்பை பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கும்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புது சர்வருக்கு மாற்றினோம், வினை ஆரம்பித்தது.

"தம்பி, வரலப்பா. எரர் 500-ன்னு வெள்ளையா நிக்குது. வெளிய ஆறு லாரி காத்துக்கிட்டு இருக்கு lah."

நான் என் மேசையில் உட்கார்ந்தபடியே, கமாண்ட் தட்டும் கருப்பு ஸ்கிரீனைத் திறந்து, அதே நம்பரைப் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பேன். சட்டென்று பிடிஎஃப் வந்துவிடும். பிறகு எழுந்து கவுண்டருக்குப் போய், அக்கா கையிலிருந்து மவுஸை வாங்கி பட்டனை அமுக்குவேன். ஸ்லிப் வரும்.

"வருதேக்கா?"

"நான் அமுக்கினா வரலையே…"

மூன்று நாள் இதே கதை. டிரைவர்கள் அக்காவிடம்தான் கத்தினார்கள். கடைசியில் பாஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவங்க சரியா அமுக்கறதில்ல பாஸ். நான் அமுக்கினா வருது."

இவ்வளவுதான் சொன்னேன். மறுநாளே அக்காவை மாக் மண்டினில் இருக்கும் கம்பெனி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலியில் போட்டிருந்த குஷன், மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருந்த பிள்ளையார் படம், இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, ஆள் கிடைக்கும்வரை என்று பாஸே கவுண்டரில் உட்கார்ந்தார்.

முதல் லாரி… 500.

இரண்டாவது லாரி… 500.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நீங்கள் தப்பாக அமுக்குகிறீர்கள் என்று பாஸிடம் சொல்ல முடியுமா?

அப்போதுதான், சர்வர் தப்புகளைக் குறித்து வைக்கும் எரர் லாகைத் திறந்தேன். அத்தனை நாளும் அதைத் திறக்கவே இல்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. அந்த கமாண்டைக் காணோம் என்று சர்வர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் நேரம். 9.12, 9.13, 9.20… அக்கா அமுக்கின ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தது.

விஷயம் ரொம்ப சிம்பிள். கருப்பு ஸ்கிரீனில் நான் ஓட்டும்போது அது என் பெயரில் ஓடும். கமாண்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று என் அக்கவுண்டுக்குத் தெரியும். பட்டனை அமுக்கினால் வெப் சர்வரின் அக்கவுண்டில் ஓடும். அதற்கு அந்த ஃபோல்டர் தெரியாது.

அப்படியானால் கவுண்டரில் நான் அமுக்கினபோது மட்டும் எப்படி வந்தது? செக் செய்கிறேன் என்று அஞ்சு நிமிஷம் முன்னால் நானே அந்த பிடிஎஃப்பை உண்டாக்கி வைத்துவிட்டேனே. ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் காட்டியது, அவ்வளவுதான்.

கமாண்டின் முழு பாதையையும் ஸ்கிரிப்டில் எழுதினேன். பத்து நிமிஷ வேலை.

"என்னாச்சு?" என்றார் பாஸ்.

"சர்வர் ப்ராப்ளம் பாஸ். செட்டில்."

அக்கா சரியாகத்தான் அமுக்கினார் என்று சொல்லவில்லை. அக்கா மாக் மண்டினிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருஷம் நான் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது எல்லாம் சுலபம். எரர் வந்தால் போனுக்கே மெசேஜ் வருகிறது. அந்த வரியை காப்பி பண்ணி ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பதில். ஆனாலும் யாராவது வரலை என்றால், நான் முதலில் அவர்கள் இடத்துக்குத்தான் போவேன். பின்னால் நின்று, எதையும் தொடாமல், அவர்களையே அமுக்கச் சொல்லிப் பார்ப்பேன். கூட வேலை பார்க்கும் சின்னப் பசங்களுக்கு இது டைம் வேஸ்ட்.

போன மாதம் ஃபெரியில் சரோஜா அக்காவைப் பார்த்தேன். முடி முழுக்க வெள்ளை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வீடு, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்தார். கிளினிக் ஆப்பில் அப்பாயிண்ட்மெண்ட் போட முடியவில்லையாம்.

பழைய பழக்க தோஷம், போனை வாங்கக் கையை நீட்டிவிட்டேன்.

"நீ தொடாதப்பா. நான் அமுக்கறேன், நீ பாரு."

அமுக்கினார். வரவில்லை. இன்னொரு தடவை, நிதானமாக அமுக்கினார். வரவில்லை.

"நீங்க சரியாத்தான் அமுக்கறீங்கக்கா," என்றேன். "அன்னைக்கும் சரியாத்தான் அமுக்கினீங்க."

அக்கா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீ பாஸ்கிட்ட சொல்லியிருக்கலாம்."