ஏழாம் லயத்துக்கு வந்த கடிதம்

என் மாரியம்மனை நான் திட்டியிருக்கிறேன். அவளைக் கும்பிடுகிற உங்கள் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு வராது.

போன வருடம் மாசி மாதம். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நிலைகொள்ளாமல் திரிந்துகொண்டிருந்தேன். கொழும்பில் சர்வதேசக் கற்கைகள் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். "சர்வதேசமா? அப்ப குவைத்துக்குத்தானே பிள்ள?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஆட்களுக்கு வெளிநாடு என்றால் அதுதான். எனக்கு இருந்தது வேறு வெறி. இலங்கையும் இந்தியாவும் உட்கார்ந்து எங்களைப் பங்குபோட்டுக் கையெழுத்துப் போட்டதில், அப்பாவின் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. நாங்கள் இங்கே நின்றுவிட்டோம். அப்படிப்பட்ட மேசையில் எங்களில் ஒருத்தியும் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நுழைவுப் பரீட்சைக்கான அனுமதி அட்டை தபாலில் வரும் என்றார்கள். என்னோடு விண்ணப்பித்த ஹட்டன் தோழிக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தோட்டத்தில் தபால்காரர் வீடு வீடாக வருவதில்லை. கடிதங்கள் ஆபீசுக்குப் போய், காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதுதான் கைக்கு வரும். தினமும் அம்மாவோடு போய் நின்றேன். "ஒனக்கு ஒண்ணும் இல்ல பிள்ள" என்பார் கணக்கப்பிள்ளை. பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணினேன். அனுப்பியாயிற்று, அட்டை இல்லாமல் எழுத முடியாது என்று சிங்களத்தில் சொன்னார்கள்.

"கெடைக்காட்டி விடு. அடுத்த மாசம் கார்மென்ட்ஸுக்குப் போகலாம்" என்றார் அப்பா. கோயிலில் நின்று, "கண்ணத் தொறந்து பாக்கவே மாட்டியா?" என்று அம்மனோடு சண்டை போட்டேன். பிறகு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் மறுபடியும் சண்டை.

பரீட்சைக்கு இரண்டே நாள். அன்று திருவிழாக் கரகம், வரிசை வீடுகள் இருக்கும் லயம் லயமாகப் புறப்பட்டது. "வீட்டையே சுத்திக்கிட்டு இருக்காம போ" என்று அம்மா என் கையில் திருநீற்றுத் தட்டைக் கொடுத்தார். வேண்டாவெறுப்பாக நடந்தேன். மத்தியானம் கரகம் தோட்டத்தின் மறுபகுதியான கீழ் டிவிசனுக்கு இறங்கியது. அங்கே கொழுந்தெடுக்கும் செல்லம்மா அக்கா, கரகம் தூக்கியவரின் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "உள்ள சாமி படத்துக்கும் துண்ணூறு வச்சிட்டுப் போ தாயி" என்றார்.

உள்ளே போனேன். படத்தின் கீழே ஒரு நீளமான கடித உறை. அதன்மேல் குங்குமப் பொட்டு. ஆங்கிலத்தில் என் பெயர்!

பிரித்தேன், நான் தேடிய அனுமதி அட்டை. தப்பு என்னுடையதுதான். விண்ணப்பத்தில் ஏழாம் லயம், மூன்றாவது வீடு என்று மட்டும் எழுதியிருந்தேன். மேல் டிவிசனிலும் ஏழாம் லயம் உண்டு, கீழ் டிவிசனிலும் உண்டு. நாங்கள் பேசிக்கொள்ளும்போது டிவிசனைச் சொல்வதில்லை, அந்தப் பழக்கத்தில் விட்டுவிட்டேன். கீழ் டிவிசன் பெரட்டில் லய நம்பரைப் பார்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது தாயி. முத்திரையப் பாத்து வீடு கட்டக் காணி தர்ற கடுதாசின்னு நெனச்சேன். மகன் வந்து வாசிக்கட்டும்னு சாமிகிட்ட வச்சேன். தெனமும் வெளக்கு வச்சு, இதுல நல்ல சேதி இருக்கணும்னு கும்புட்டேன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவரும் காரணம் புரியாமலே என்னோடு அழுதார்.

மறுநாள் நானுஓயாவில் ரயிலேறினேன். பரீட்சை எழுதினேன். இடம் கிடைத்தது. இப்போது முதலாம் வருடம் படிக்கிறேன். கோபம் இன்னும் வருகிறது, ஆனால் அம்மன் கேட்கவில்லை என்று சொல்ல இப்போது வாய் வருவதில்லை.

வேண்டி வேண்டிச் சலித்துப் போனவர்களே, விட்டுவிடாதீர்கள். நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும், என் கடிதத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.