பீரோ சந்துக் குட்டிப் பேய்

என் மகளுக்கு நாலு வயதில் இருந்த ஒரே சிநேகிதம் ஒரு பேய். அதை விரட்டியவள் நான்தான். இதை முழுசாக இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை.

2009 வாக்கில், சிதம்பரத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கணவர் சவூதி போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்று மட்டும் நிதானமாகப் பேசுவார். பிறந்த வீடு கடலூர் முதுநகரில். பக்கம்தான், ஆனால் அங்கே அண்ணன் குடும்பம் இருந்தது. நாலு நாளைக்கு மேல் தங்கினால் அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தமே மாறிவிடும். அதனால் நானும் பிள்ளையும் சிதம்பரத்திலேயே கிடந்தோம். காலையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். இவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க அடுத்த ஜூன் வர வேண்டும். நானும் லேசில் யாரிடமும் ஒட்டுகிற ஆள் கிடையாது. வாயைத் திறந்தால் வெடுக்கென்று ஏதாவது வந்துவிடும், அதற்குச் சும்மா இருப்பதே மேல் என்று இருந்துவிடுவேன். சில நாட்களில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

மதியம் மூன்று மணிக்கு டிவியில் ஒரு பொம்மைப் படம் வரும். எந்த ஊரிலோ எடுத்து, தமிழில் பேசவிட்டிருந்தார்கள். பரண் மேல் குடியிருக்கும் ஒரு குட்டிப் பேய்தான் கதை. தினமும் யாராவது ஒரு குழந்தை பரணை எட்டிப் பார்க்கும். விளக்கு அணைந்து அணைந்து எரியும், கதவு கிறீச்சிடும். என் மகள் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். கடைசியில் பேய் மெல்ல வெளியே வந்து, "நீ பயந்தியா? நானும்தான் பயந்தேன்" என்று சொல்லும். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காக அவள் தினமும் பயந்தாள்.

அப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் கட் நேரத்தை மதியம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்று மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் ஒரே அழுகை. மூன்றாம் நாள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு துண்டை விரித்து, பக்கத்தில் கிண்ணத்தில் பொரியும் வைத்தாள்.

"என்னாடி பண்ற?" என்று கேட்டேன்.

"டிவில கரண்ட் இல்லல்ல, அதான் அது நம்ம வூட்டுக்கு வந்துடுச்சு" என்றாள்.

நானும் சரியென்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. சமைக்கும்போது காலைச் சுற்றாமல் மணிக்கணக்கில் அந்தச் சந்துக்கு முன்னால் உட்கார்ந்து கிசுகிசுப்பாள். பேய்க்குத் தலை வாருவாள், சளி பிடித்தால் கஷாயம் கொடுப்பாள், என்னைப் பற்றிக் கோள்கூட சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர், பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்றார். அடுப்படியில் நின்று போனிலேயே சண்டை போட்டேன், வைத்துவிட்டு அழுதேன். பிள்ளை விளையாட்டில் இருந்தாள். நான் அழுதது அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் உச்சி வேளை. சந்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, "எங்கப்பா வரமாட்டாரு, தெரியுமா?" என்றாள். கொஞ்ச நேரம் எதையோ கேட்பதுபோல் இருந்துவிட்டு, "ஆமா, இனிமே வரவே மாட்டாரு" என்றாள். மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த வீட்டுக்கார அம்மாவும் அதைக் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, உச்சி வேளையில தனியா பேசுற புள்ளைய இப்புடியா வுடுவாங்க? எங்கயோ பயந்திருக்கு. போய் மந்திரிச்சுக்கிட்டு வா."

என்னைக் கேட்டால், அன்றைக்கு அவர் கிணற்றில் குதி என்றாலும் குதித்திருப்பேன். அடுத்த பஸ்ஸில் முதுநகர். பிறந்த வீட்டுத் தெருவில் மந்திரிக்கிறவர் ஒருவர் உண்டு. சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் அவர் கை வேப்பிலையில் அடி வாங்கியவர்கள்தான்.

"புள்ள எதைப் பாத்து பயந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. தனியா பேசிக்கிட்டே இருக்கு" என்றேன். டிவியில் வரும் பேய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார். பாவம், அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். வேப்பிலை அடித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் கறுப்புக் கயிற்றில் தாயத்து கட்டினார். "இனிமே எந்தப் பேயும் ஒங்கிட்ட வராது தாயி" என்றார். என் மகள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சந்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள். அதோடு சரி. அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். கரண்ட் கட் நேரம் மறுபடி மாறி மூன்று மணிப் படம் வந்தது. முந்தானை தேடாமல் பொம்மைபோலப் பார்த்தாள்.

"உன் பேய் வந்துடுச்சு பாரு" என்றேன்.

"இது டிவி பேயி. நம்மளுது வராது. தாயத்து இருக்குல்ல."

ஒரு நாள் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நானே அந்தச் சந்துக்குள் புகுந்தேன். பாதி உடம்பு சிக்கிக்கொண்டது. எப்படியோ பிதுங்கி வெளியே வந்து, "நீ பயந்தியா? நானும்தான் பயந்தேன்" என்றேன்.

"நீ அம்மா" என்றாள். கோபமில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு, "நீ போன்ல அப்பா வரலன்னு அழுதல்ல, அத நான் அதுகிட்டதான் சொன்னேன். இப்ப யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லேன்டி."

"நீ அழுவ."

பெட்ஷீட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை யாரிடம் மனசு விட்டுப் பேசினாளோ, அதைத்தான் வேப்பிலை அடித்து விரட்டிவிட்டு வந்திருக்கிறேன். எப்படியாவது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

கட்டியவர் கையால்தான் தாயத்தை அவிழ்க்க வேண்டும் என்பார்கள். மறுபடி முதுநகர். இந்த முறை டிவி, சந்து, பொரிக் கிண்ணம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றபடி கயிற்றை அறுத்து, ஓடுகிற தண்ணீரில் போடச் சொன்னார். படகுகள் கட்டியிருந்த உப்பனாற்றங்கரையில் என் மகளே அதைப் போட்டாள்.

"இப்ப வருமாம்மா?"

"தெரியலடி" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

உட்கார இடம் கிடைக்குமே என்று, பஸ் கிளம்பும் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கே போனோம். கூட்டத்தோடு ஓடி, ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டு மூன்று பேர் சீட் ஒன்றைப் பிடித்தேன். அவள் ஜன்னலோரம் ஏறிக்கொண்டாள். கர்சீப்பை எடுக்கப்போன என் கையைத் தட்டிவிட்டு, அதை நடு சீட்டில் விரித்தாள்.

"எடுக்காத. ஆளு வருது."

கையை இழுத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். கூடையோடு ஒரு அம்மா வந்து, "ஆளு வருதா?" என்று கேட்டார். "வருது" என்றேன். பஸ் கிளம்பி முதுநகரையும் தாண்டிவிட்டது. ஆள் வரவில்லை. கண்டக்டர், "ஏம்மா, சின்ன புள்ளைய மடியில வச்சுக்கிட்டு எடத்த குடும்மா, எவ்ளோ பேரு நிக்கிறாங்க" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்து, "நீங்க என் எடத்துல ஒக்காருங்க" என்று கூடைக்கார அம்மாவை உட்காரவைத்தேன்.

என் மகள் நடு சீட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு கிசுகிசுக்கத் தொடங்கினாள். இருபது நாளாகச் சேர்த்து வைத்தது அத்தனையையும் கொட்டினாள். நடுவில் ஒரு தடவை சிரிக்கவும் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே, இப்படிக் கொட்டுவதற்கு எனக்கு ஒரு பேய்கூட இல்லையே என்றும் இருந்தது. மேல்கம்பியைப் பிடித்திருந்த கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆலப்பாக்கம் வரும்போது அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நடு சீட்டில் இருந்த கர்சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஒக்காரும்மா. அது ஒன் மடியில ஒக்காந்துக்குதாம்."

"ஏன்டி?"

"நீ அழுவுறல்ல. அதுக்கும் அழுகையா வருதாம்."

உட்கார்ந்தேன். என் பை கூடைக்கார அம்மாவின் காலில் இடித்துக்கொண்டிருந்தது. "பைய மடியில வச்சுக்கயேம்மா" என்றார் அவர்.

"இல்லீங்க, மடியில ஆளு இருக்கு" என்றேன்.