பூப் பறித்த வழக்கும் பார்க்டேல் பயணமும்

என் பேரன் சுதனுக்கு இருபத்தொன்பது வயது. ஆள் பெரிய ஆம்பிளை, புத்தி விளக்கம் ஏழு வயதுப் பிள்ளையினுடையது. போன ஆடி மாதம் அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவில் ஒருவரின் வீட்டு வளவுக்குள் விடிகாலையில் பூப் பறிக்கப் போனான். வீட்டுக்காரர் பூப் பையைப் பிடித்து இழுக்க, இவன் தள்ள, அவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். பொலிஸ் வந்து வழக்காகிவிட்டது.

இப்படியான பெரியவர்கள் வழக்கில் மாட்டினால், மறியலில் அடைக்காமல் வீட்டில் வைத்தே பழக்கித் திருத்தும் சேவை ஒன்று இங்கே இருக்கிறது. அவர்கள் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் அவன் எங்களோடு இருப்பதா, காவலுள்ள விடுதிக்குப் போவதா என்று கோட் முடிவெடுக்கும். அதற்காகப் புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் சுதனும் நகரின் மற்றப் பக்கம் பார்க்டேலில் உள்ள அவர்களின் அலுவலகத்துக்குப் போனோம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் வழியும் நேரமும் பிழைக்காது, நம்பி வாசிக்கலாம்.

காலை 8.10க்கு ஷெப்பர்ட் பஸ். டொன் மில்ஸ் வரை 22 நிமிடம். அங்கே சப்வே ரயில் ஏறி, ஷெப்பர்ட்-யங்கில் மாறி, கிங் ஸ்டேசனில் இறங்கி, மேற்கே போகும் ஸ்ட்ரீட்கார், தெருவில் ஓடும் ட்ராம் வண்டி. ஏறக்குறைய 27 கிலோமீற்றர், ஒரு மணி ஐம்பது நிமிடம். முதியவர்களுக்குப் பயணக் கார்ட்டில் 2.25 டொலர், சுதனுக்கு 3.30. இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தரமும் மாறலாம்.

ஸ்ட்ரீட்கார் பார்க்டேலுக்குள் நுழைய, சுதன் கண்ணாடியில் விரலை வைத்து, “அம்மம்மா, எங்கட ஏழாம் மாடி,” என்றான். அவனுக்கு ஆறு வயதில் நாங்கள் விட்டுப் போன கட்டடம். ஒரு படுக்கையறையில் எட்டுப் பேர் இருந்தோம். விடிய அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தத் தெருக்களில் நடப்பேன். வேலிக்கு வெளியே நீட்டிய ரோசாவைச் சாமிக்குப் பறித்தால் களவில்லை என்று சொல்லிச் சொல்லி அவன் கையாலேயே பறிப்பிப்பேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி யன்னலால் பார்த்துக் கையசைப்பா. அவவின் வீட்டடியில் இப்போது கோப்பிக் கடை.

சுதனின் தாய், என் மகள், வேலையால் நேரே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாளே எங்கள் இருவருக்கும் சொல்லி வைத்திருந்தாள், பூப் பறிக்க ஆர் பழக்கினது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வீடே சரியில்லை என்று எழுதிப்போடுவார்கள் என்று.

10.30க்கு உள்ளே கூப்பிட்டார்கள். நிரோஷா என்ற இங்கே பிறந்த பிள்ளைதான் பொறுப்பு.

“சுதன், மற்ற ஆக்களின்ர பூவை எடுக்கலாம் எண்டு ஆர் சொன்னது? இட்ஸ் ஓகே, சொல்லுங்கோ.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்து, “தெரியாது,” என்றான்.

கோப்பையை உடைத்தால் உடைந்த துண்டோடு வந்து “நான்தான்” என்று நிற்கிற பிள்ளை அவன். எனக்கு அவனில் உள்ள பெருமையே அதுதான்.

“உவன் பொய் சொல்லுறான் பிள்ளை. நாங்கள் சொல்லிக் குடுத்த பொய். பூப் பறிக்கப் பழக்கினது நான்தான்.”

மேசைக்குக் கீழே மகள் என் காலை மிதித்தாள். நிரோஷா கனநேரம் எழுதினாள். பிறகு சொன்னாள், “காரணமில்லாமல் வளவுகளுக்க போறார் எண்டால் அது ரிஸ்க், அம்மம்மா. பழக்கினதைச் செய்யிறார் எண்டால், மாத்திப் பழக்கலாம்.”

“ஆர் பழக்கிறது?”

“நீங்கள்தான். உங்கட சொல்லைத்தானே கேக்கிறார்.”

அங்கேயே தொடங்கச் சொன்னாள். நான் அவன் கையைப் பிடித்து, அம்மம்மா பிழையாகச் சொல்லிவிட்டேன், மற்றவர்களின் பூ மற்றவர்களுடையதுதான் என்றேன். அவன் யோசித்தான்.

“அப்ப சாமிக்கு?”

“கடையில வாங்குவம்.”

கார்த்திகையில் அறிக்கை கோட்டுக்குப் போனது. கோட் அதை ஏற்றுக்கொண்டது, சுதன் எங்களோடுதான் இருக்கிறான். கை முறிந்தவரின் வீட்டுப் பக்கம் போகக்கூடாது, கிழமைக்கு ஒருதரம் நிரோஷாவிடம் போய், கோபம் வந்தால் கையை நீட்டாமல் விலகப் பழகவேண்டும்.

இந்தச் சேவைக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் முந்திப் போங்கள், கோட் கடிதத்தை மறக்காதீர்கள். வழக்கில் மாட்டினவரை வளர்த்தவர் யாரோ, அவர் கட்டாயம் கூடப் போகவேண்டும். தப்பிக்கவென்று பொய் மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் பழக்கினதை விடமாட்டார்கள். பொய்யைப் பழக்கினால் அதையும் ஒழுங்காகச் செய்வார்கள்.