நகராட்சி கேட்ட எம்.எல்.ஏ.

"ஹலோ, பி.டி.ஓ. சாரா? செம்மல் பேசுறேன். இங்க ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. தெரு வெளக்கு எரியலையாம். இன்னிக்குப் பொழுதுக்குள்ள எரியணும். என்ன சொல்றீங்க?"

"பாத்துடறேங்கய்யா" என்று கைப்பேசியின் ஸ்பீக்கரில் பதில் வருகிறது. அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போகிறார். அடுத்தவர் பட்டா கேட்டு வருகிறார். உடனே தாலுகா ஆபீசுக்கு ஒரு போன். சட்டமன்ற உறுப்பினர் செம்மலின் காலைப்பொழுது இப்படித்தான் நகர்கிறது. யார் என்ன கேட்டாலும், கேட்டவர் கண்ணெதிரே அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசிவிடுவார். வந்தவர் மனசு நிறைந்து போவார்.

அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்த எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. தெரு விளக்குக்கு ஓர் அதிகாரி, பட்டாவுக்கு ஓர் அதிகாரி, குடிநீருக்கு ஓர் அதிகாரி. அத்தனை பேரும் ஒரே மாதிரி "பாத்துடறேங்கய்யா" என்றால் என்ன அர்த்தம்? அத்தனை பேருக்கும் ஒரே மாதிரித் தொண்டை கட்டியிருந்தால்? போதாததற்கு, உதவியாளர் ஜெரால்டையும் அறையில் காணோம். மெல்ல எழுந்து வெளியே போனேன். ஜெரால்டு வேப்பமரத்தடியில் நின்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன சார், டீ சொல்லவா?" என்றார். குரல் கட்டித்தான் இருந்தது. ஆனால் ஆடிக்காற்றில் ஊரில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

மனசு கேட்காமல் செம்மலிடமே கேட்டுவிட்டேன். மனிதர் கோபிக்கவில்லை. "சந்தேகமா இருக்குதாங்க? நல்லதுங்க. எனக்கும் ஆபீசருங்க மேல சந்தேகந்தான். அதான் ஸ்பீக்கர்ல போடுறது. நாளைக்கு, 'எம்.எல்.ஏ. சொல்லவே இல்ல'ன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல?" என்றார். இது நான் கேட்டதற்குப் பதிலா? சத்தியமாக இல்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவர் பேச்சின் வாகு அப்படி.

வயது ஐம்பத்து நாலு. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, காலில் மட்டும் பழைய ரப்பர் செருப்பு. காரில் நல்ல தோல் செருப்பு ஒரு ஜோடி கிடப்பதை நான் பார்த்துவிட்டேன். அரசியலுக்கு வருமுன் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்திருந்தார். அன்னவாசல் பக்கமெல்லாம் பாறை. அந்தப் பாறையில் ஓட்டை போட்டுப் பிழைத்தவர். "தண்ணி வந்தாலும் அடிக்கணக்குக்குக் காசு, தண்ணியில்லாம வெறும் பொகையா வந்தாலும் காசு. அந்தத் தொழில்லதான் அரசியல் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு, "இத எழுதிறாதீங்க" என்றார். எழுத வேண்டும் என்றுதான் சொன்னாரோ என்று எனக்கு இப்போதும் ஐயம்.

வரி என்று ஆரம்பித்தால் மனிதர் நிறுத்தமாட்டார். "மக்களுக்கு வரின்னா கோவம்னு சொல்றது பொய்ங்க. சோப்புக்கட்டிக்குள்ள வரி இருக்கு, பிஸ்கோத்துக்குள்ள இருக்கு. எவனாச்சும் கத்துறானா? வீட்டு வரிக்குத்தான் வீடு தேடி வந்து ரசீது குடுக்குறான். வரிய ரசீதாக் கையில குடுத்தா வலிக்காம என்ன செய்யும்?" வீட்டு வரியை ஏற்றலாமா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏத்தணும். ஏத்தாட்டி சாக்கடை எப்புடி அள்ளுறது? ஆனா எலெக்சன் முடிஞ்ச மறுநாளே ஏத்திப்புடணும். நாள் தள்ளி ஏத்துனா அது பாவம்." இதே வாய் முந்தின வாரம் கட்டுமாவடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், "வரி உயர்வை என் உயிர் உள்ளவரை எதிர்ப்பேன்" என்று மைக்கில் முழங்கியது. நானும் அந்தப் பந்தலில்தான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பட்ஜெட் புத்தகங்கள் மேசை மேல் ஆளுயரத்துக்குக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் படிப்பீர்களா என்றேன். "நம்ம ஊரு பேரு எங்கிட்டு வருதுன்னு மட்டும் பாப்பேன். வந்தா ஏழைகளின் பட்ஜெட். வரலைன்னா, ஏழைகளின் பட்ஜெட்னு மெதுவாச் சொல்லுவேன்." சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்த பிறகு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. சிரிக்க வைத்தே ஆளை மடக்குகிற வித்தை இது.

ஊர் பேர் வர வேண்டும் என்ற இந்த ஆசைதான் வினையாக வந்தது. மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து, தன் தொகுதிப் பேரூராட்சியை நகராட்சியாக உயர்த்த வேண்டும் என்று கேட்டுவிட்டார். மேசையைத் தட்டினார்கள். அமைச்சரும் பரிசீலிப்பதாகச் சொன்னார். மறுநாளே 'நகராட்சி தந்த நாயகரே' என்று சுவரெல்லாம் போஸ்டர். அப்புறம்தான் தெரிந்ததாம், நகராட்சி ஆவதற்கு அங்கே போதிய ஜனம் இல்லை என்று. பக்கத்துக் கிராம ஊராட்சிகளைச் சேர்த்தால்தான் கணக்கு வரும். முதலில் சேர்கிற ஊராட்சி எது தெரியுமா? செம்மலின் சொந்த ஊர். சேர்ந்துவிட்டால் வீட்டு வரி ஏறும். நூறு நாள் வேலையும் போய்விடும், அது கிராமத்துக்கு மட்டும்தான்.

நான் இருந்த அன்றே அந்த ஊர்ப் பெண்கள் ஒரு சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவர் மூக்காயி, செம்மலுக்குப் பங்காளி வகையில் தங்கை முறை. அவருடைய கணவர் கருப்பன் தென்னைமரத்திலிருந்து விழுந்து படுக்கையாகக் கிடக்கிறார். "ஊர்க் கம்மாயில வேலைன்னா, நடுவுல வீட்டுக்கு ஓடிப்போயி அவரத் திருப்பிப் படுக்க வச்சுட்டு, வாயில ரெண்டு சோத்த ஊட்டிட்டு ஓடியாந்துருவேன். அந்த வேலையும் இல்லைன்னா நான் எங்கிட்டுண்ணே போறது? திருப்பூருக்கா? இவர யாருகிட்ட விட்டுட்டுப் போக?" என்றார். குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. செம்மல் அக்கணமே போனை எடுத்தார். "பாத்துடறேங்கய்யா" என்றது ஸ்பீக்கர். மூக்காயி மட்டும் கும்பிடவில்லை. எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

"தெரியாமத்தான் கேட்டுப்புட்டேங்க. நகராட்சி கேட்டேன், என் ஊரயா கேட்டேன்?" என்று காரில் போகும்போது செம்மல் வருத்தத்தோடு சொன்னார். முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, அவர் ஊரின் எல்லையில், பொட்டல் நிலம் நெடுக மஞ்சள் பெயிண்ட் அடித்த பிளாட் கற்கள் வந்தன. நகராட்சி ஆனால் அந்த மண் என்ன விலைக்குப் போகும் என்று யாருக்குத்தான் தெரியாது? யாருடைய இடம் என்றேன். "யாரோ திருச்சிக்காரங்க" என்றார் செம்மல். முன் சீட்டில் இருந்த ஜெரால்டு சட்டென்று ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். அந்த நேரத்தில் ரேடியோவில் உரம் போடும் முறை ஓடிக்கொண்டிருந்தது. ஜெரால்டுக்கு உரத்தில் என்ன அவ்வளவு அக்கறையோ, கடவுளுக்கே வெளிச்சம்.

சுதந்திர தினத்தன்று அந்த ஊரில் கிராம சபை. பள்ளிக்கூடத்துப் பந்தலில் கூட்டம் நெரிந்தது. செம்மலுக்கு ஓட்டு அந்த ஊரில்தான் என்பதால், அவரும் சபையில் ஓர் ஆள். வராமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன், வந்துவிட்டார். மைக்கைப் பிடித்து நெடுநேரம் பேசினார். "மக்கள் கருத்தே என் கருத்து. அரசின் கருத்தும் மக்கள் கருத்தே" என்றார். சேர்க்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அடேயப்பா, கைதட்டல் மட்டும் குறைவில்லை.

ஊராட்சிச் செயலர் சத்யபிரியா தீர்மானத்தை வாசித்தார்: இந்த ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கக் கூடாது. ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி. வீடியோ எடுப்பவர் கேமராவைத் திருப்பினார். பந்தல் முழுக்கக் கைகள் எழும்பின. செம்மலின் கைகள் இரண்டும் மைக்கைப் பிடித்தபடியே இருந்தன.

மூக்காயி எழுந்து நேரே அவரிடம் வந்தார். "அண்ணே, நாங்க இத்தன பேரு தூக்குனாலும் மெட்ராஸ்ல ஒங்க ஒத்தக் கையத்தான் பாப்பாங்க. தூக்குங்க."

"மூக்காயி, நான் அரசாங்கத்துல இருக்கிறவன். சட்டசபையில பேசிக்கிறேன்."

"அங்க பேசுனதுதான் இம்புட்டுக்கும் காரணம். இங்க பேச வேணாம், கையத் தூக்குனாப் போதும்."

சொன்னவர், மைக்கைப் பிடுங்கிச் சத்யபிரியாவிடம் கொடுத்தார். செம்மலின் மணிக்கட்டைப் பிடித்து, தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கேமரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அதிகாரி அறிவித்த பிறகுதான் மூக்காயி பிடியை விட்டார்.

கூட்டத்தில் எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். செம்மலின் கை மட்டும் தூக்கியபடியே நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனிதர் நம் பக்கம் வந்துவிட்டார் என்று நானும் நம்பினேன். செம்மல் கேமராவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, பிரசார வேனில் நிற்பவர்போல, உயர்ந்திருந்த அந்தக் கையை இடமும் வலமுமாக மெல்ல அசைக்கத் தொடங்கினார்.