எடைமேடையில் என் கைராசி

நீங்கள் பொய் சொன்னீர்கள். எங்கள் எடைமேடைக்குப் புரோகிராம் எழுதித் தந்த உங்களைத்தான் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் உப்பு லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். உப்புக்காற்று ஒயரை அரிக்கும் என்று மாலையில் பூட்டும்போது மெயினையே அணைத்துவிடுவோம். காலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் தொடங்கினால் பல நாள் கம்ப்யூட்டரில் எடை வராது, பூஜ்யத்திலேயே நிற்கும். சில நாள் ஒழுங்காக வரும். என்னோடு வேலை பார்க்கும் அண்ணாச்சி தொடங்கினால் எப்போதும் வரும்.

உங்களை வரவழைத்தோம். அண்ணாச்சி தொடங்கி எடை வந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "புரோகிராம்ல ஒண்ணும் இல்ல சார். மேடம் கைராசி அப்படி" என்று முதலாளியிடம் சொன்னீர்கள். டிரைவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் சுவிட்ச் பக்கம் போனாலே, "ஏளா, தொட்டிராத. அண்ணாச்சி வரட்டும். நாங்க லோடு எறக்கணும்லா" என்று ஒரு பழைய டிரைவர் கத்துவார். முதலாளி எனக்குப் பதிலாக வேறு ஆள் தேடத் தொடங்கினார். கம்ப்யூட்டர் படித்த நானே என் விரலை உற்றுப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி மெயினைப் போட்டதும் மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்றி, ஒரு செபம் சொல்லி, பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடுவார். போன வாரம் ஒரு நாள் தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. வெளியே ஹாரன் சத்தம் தாங்கவில்லை. நேரே பட்டனை அழுத்திவிட்டார். திரையில் பூஜ்யம்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க ராசியும் கப்பலேறிட்டா?" என்றார் அந்த டிரைவர்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. ராசி இல்லை, செபம்! எடை காட்டும் பெட்டி மின்சாரம் வந்ததும் எண்களை ஓடவிட்டுத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அது முடியும்வரை யார் கேட்டாலும் பதில் சொல்லாது. கம்ப்யூட்டர் எழுந்ததும் உங்கள் புரோகிராம் அந்தப் பெட்டியை ஒரே ஒரு தடவை கூப்பிடும். பதில் இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடும். அண்ணாச்சி செபத்தை முடிப்பதற்குள் பெட்டி தயாராகிவிடும். நான் மெயினையும் கம்ப்யூட்டரையும் ஒன்றாகப் போடுவேன். கம்ப்யூட்டர் மந்தமாக எழுந்த நாளில் பிழைத்தேன், வேகமாக எழுந்த நாளில் மாட்டிக்கொண்டேன்.

மெயினை அணைத்துப் போட்டேன். எண்கள் ஓடி நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அழுத்தினேன். எடை வந்தது. மறுபடி அணைத்துக் காத்திருந்தேன், வந்தது. காத்திருக்காமல் போட்டேன், வரவில்லை. டிரைவர்கள் இறங்கி வந்து ஜன்னலில் தொங்கினார்கள். "இன்னொருக்க போடுளா, பாப்பம்" என்றார் பழைய டிரைவர். சந்தோஷமாக இன்னொரு தடவையும் போட்டுக் காட்டினேன்.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். "அது தெரியும் மேடம். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடுறோம்" என்றீர்கள்.

தெரிந்துகொண்டேவா சிரித்தீர்கள்? முதலாளி இன்னும் ஆள் தேடுவதை நிறுத்தவில்லை. "கம்பெனிக்காரர் வாயால சொல்லட்டும்" என்கிறார். என்னிடம் போனில் முணுமுணுத்தது போதாது. முதலாளியும் டிரைவர்களும் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் பார்க்க எழுதுங்கள்: காத்திருக்கத் தெரியாதது என் கையா, உங்கள் புரோகிராமா?