கண்ணாடிக்குள் இருந்த பகையாளி

2006, 2007 வாக்கில் இருக்கும். கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் ஃப்ளவர்ஹார்ன் மீன் இருந்தது. வாஸ்து மீன் என்று வாங்கியவர்களே அதிகம். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. அதன் நெற்றியில் மேடாக எழும்பி நிற்கும் அந்தப் புடைப்புதான் என்னை மயக்கியது. இப்படியொரு மீன் எந்த ஆற்றிலும் கிடையாது, தலை பெருத்ததாகப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து மனிதர்களே உண்டாக்கியது என்று குரோம்பேட்டை கடைக்காரர் சொன்னபோது அசந்துபோனேன்.

விரல் நீளக் குஞ்சாக வந்தது, எட்டு மாதத்தில் உள்ளங்கை அளவு ஆனது. நெற்றியில் நெல்லிக்காய் அளவு மேடு. வீட்டில் அதற்குத் 'தலைக்கனம்' என்றே பெயர் வைத்தோம். வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வேன். தலைக்கனம் மீனுக்கா உங்களுக்கா என்று மனைவி கேட்பாள்.

நெல்லிக்காய் எனக்குப் போதவில்லை. கடைக்காரர் ஒரு வழி சொன்னார். தினம் பத்து நிமிஷம் தொட்டிக்கு வெளியே கண்ணாடி வைத்தால், வேறொரு மீன் வந்துவிட்டதென்று சிலிர்த்துக்கொண்டு சண்டைக்குப் போகுமாம், தலை நன்றாக எழும்புமாம். பத்து நிமிஷத்துக்கே எழும்பினால், நாள் முழுக்க வைத்தால்? முகம் பார்க்கும் கண்ணாடியை டேப் போட்டுத் தொட்டியில் ஒட்டிவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள், பாவம்ப்பா என்றாள். மீனைப் பார்த்தது போதும், எதிர் வீட்டுப் பெண் எப்படிப் படிக்கிறாள் பார் என்று வழக்கம்போல அவள் வாயை அடைத்தேன்.

நாலு நாள் நன்றாகத்தான் சிலிர்த்தது. பிறகு தீனியைத் தொடவில்லை. நிறம் வெளுத்து, மேடு வற்றிப்போனது. தண்ணீர் மாற்றினேன், கல் உப்பு போட்டேன், மருந்து ஊற்றினேன். கண்ணாடியை எடுக்க மட்டும் தோன்றவில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒருக்களித்துக் கிடந்தது. மகள் அழுதாள்.

அப்போதுதான் வாசலில் மீன்காரம்மா குரல் கேட்டது. கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருவார், என் வயதுதான் இருக்கும். சங்கரா வாங்கப் போன மனைவி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். ஐஸில் கிடக்கும் மீனைத் தெரிந்தவருக்கு இது என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். தொட்டியையே பார்த்தபடி ஐந்து நிமிஷம் நின்றார். செத்துக்கொண்டிருந்த மீன் நடுநடுவே துள்ளி எந்தப் பக்கம் முட்டப் போகிறது என்று கவனித்திருக்கிறார்.

"இன்னா சார், பகையாளிய நாள் பூரா எதிர்லயே நிக்க வெச்சிகினு கீற. அது எப்ப துன்னும், எப்ப தூங்கும்?"

சொல்லிக்கொண்டே தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறிக் கண்ணாடி மேல் போர்த்தினார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க, மீன் விற்கிற நீங்கள் மீனுக்குப் பரிதாபப்படுகிறீர்களே என்று அசட்டுச் சிரிப்போடு கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"விக்கிறது என் பொயப்பு சார். வளக்கிறேன்னு சொல்லி நான் எதையும் சாவடிக்கல."

அப்போதே கண்ணாடியைப் பிய்த்தெடுத்தேன். மூன்றாம் நாள் மீன் தீனி எடுத்தது. அடுத்த வாரம் அந்த அம்மா கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே, துன்னுச்சா என்று கேட்டுக்கொண்டு வந்தார். மேடு மறுபடி எழும்பி எலுமிச்சை அளவுக்கு வர மூன்று மாதம் ஆனது. என்ன அழகு அது! வந்தவர்களிடம் அப்போதும் காட்டினேன், ஆனால் மீனைவிட அந்த அம்மாவைப் பற்றித்தான் அதிகம் பேசினேன்.

எதிர் வீட்டுப் பெண்ணின் மார்க்கைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்தியதும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். இன்றைக்கும் யாரையாவது காட்டி மகளிடம் பேச வாயெடுத்தால், மீன் வாடை வீசும் அந்தச் சும்மாட்டுத் துணி கண்முன் வந்து என் வாயை மூடிவிடுகிறது.