தேவி கேட்ட துடிப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பன்னிரண்டு வருடமாகப் பச்சைக் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் நர்ஸ். உயிர் போவதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு, பிறந்து இரண்டு நாளான ஓர் ஆண் குழந்தை வந்தது. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற வால்வு ஊசிமுனை அளவுதான் திறந்திருந்தது. மருந்து சொட்டிக்கொண்டே இருந்ததால் உயிர் நின்றது. கொஞ்சம் தேறினால் பலூன் வைத்து வால்வை விரித்துவிடலாம் என்றார் டாக்டர். அம்மா பெயர் தேவி, மேடவாக்கம், வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். தினமும் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"சிஸ்டர், அவன் நெஞ்சு அடிக்கறத உங்க குழாய்ல ஒரே ஒரு வாட்டி கேட்டுக்கட்டா?"

"நாளைக்குக் கேக்கலாம்மா," என்பேன். வேலை தலைக்கு மேல் இருந்தது, உண்மைதான். ஆனால் அரை நிமிடம் ஆகியிருக்குமா? நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஐந்தாம் நாள் காலை, பலூன் வைக்கக் கொண்டுபோவதற்குள் இதயம் நின்றுவிட்டது. டாக்டர் முக்கால் மணி நேரம் போராடினார், மானிட்டரில் நேர்கோடுதான். நானே வயர்களைக் கழற்றி, துடைத்து, துணி சுற்றி அவள் மடியில் வைத்தேன். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் பட்டப்பகல் டிராஃபிக், ஒரே ஹாரன். தேவி அழவில்லை.

"இன்னிக்காவது குடுப்பீங்களா சிஸ்டர்?"

இல்லையென்று எந்த வாயால் சொல்வேன்? எங்கள் வார்டில் தொற்று பரவாமலிருக்க ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஸ்டெதாஸ்கோப். அவனுடையதை எடுத்து அவள் காதில் மாட்டி, அந்தச் சின்ன நெஞ்சில் வைத்தேன். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது, வேகமாக, ஒரே சீராக.

"நடுவுல இன்னா சிஸ்டர், லாரி ஓஸ்ல தண்ணி பீச்சற மாறி ஒரு சத்தம் வருது?"

குறுகின வால்வு வழியாக ரத்தம் பீறிடும் இரைச்சல் அது. கேட்டவர்கள் டாக்டரும் நாங்களும்தான், அவளிடம் யாரும் சொன்னதேயில்லை. பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து அவள் தட்டுவதை எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு. காலையில் சார்ட்டில் நான் கடைசியாக எழுதியதும் அதேதான்.

விரல் நின்றது. "தூங்கிட்டான்," என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன்.

ஏக்கத்தில் காதுக்குள் ஏதோ கேட்டிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு குழாயைத் திரும்ப வாங்கினேன். நெஞ்சில் வைக்கிற அதன் தலைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும், திருகித்தான் மாற்ற வேண்டும். அப்போதுதான் பார்த்தேன், பதற்றத்தில் நான் மூடிய பக்கத்தைக் குழந்தை மேல் வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்திருந்தால்கூட அதில் ஒன்றும் கேட்டிருக்காது.

இப்போதெல்லாம் எந்த அம்மா கேட்டாலும் உடனே கொடுத்துவிடுகிறேன். அவனுடையதை மட்டும், வார்டுக்கு வேறொன்று வாங்கி வைத்துவிட்டு எடுத்து வந்துவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு பீரோவில், தலையைத் திருப்பாமல், அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. இரண்டு வருடமாகிறது. ஒருமுறைகூட என் காதில் மாட்டிப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்காது என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் தைரியம் வரவில்லை.